பன்னிரண்டாவது பஞ்சு

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
18 நவம்பர் 2025

சிவபிரகாஷ்,

இந்தக் கடிதத்தை நைட்ரஜன் வேன் ஓட்டும் காத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். மின்னஞ்சல் போட்டால் அதன் நகல் டெல்லிக் குழுவில் இருக்கும் ஒன்பது பேருக்கும் தானாகப் போய்விடும். உன் கைப்பேசியோ சுரங்க வாசல் பெட்டியில் அணைந்து கிடக்கும். அதனால் வாரம் ஒரு கடிதம். என் கால் எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். நம் சுரங்கத்தின் இரும்புப் படியில் வழுக்கி விழுந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. கட்டிலில் உட்கார்ந்து ஏற்காடு ஏறும் பஸ்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய பென்டிரைவைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் நூற்று நாற்பது வருகிறது. ஆற்றல் வரைபடத்தில் ஆயிரத்து நானூற்று அறுபதில் ஒரு முகடு பனைமரம் மாதிரி நிற்கிறது. அது பொட்டாசியத்தின் கதிர். அங்கே மட்டும் நின்றால் விட்டுத்தொலைக்கலாம். அது சிதறி, நாம் தேடும் பகுதி முழுவதையும் நிரப்பிவிடுகிறது. ஒன்பது வருடம் கெஞ்சி வாங்கிய கதிர் அளக்கும் ஜெர்மேனியம் படிகத்தை மலைக்குள் அறுநூறு அடி கொண்டுபோய், செம்புக்குள் வைத்து, ஈயத்துக்குள் வைத்து, கடைசியில் அது அளப்பது என்ன என்றால் அழுக்கை.

மார்ச் இருபதாம் தேதி குழு கூடுகிறது. அதற்குள் இந்தப் பொட்டாசியம் போகவில்லை என்றால் படிகத்தைப் பிடுங்கி வடக்கே ஒரு கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சுரங்கத்துக்குப் பூட்டு.

ஈயக் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார். பாறையிலிருந்து கசியலாம். கையுறை இல்லாமல் எதையாவது தொட்டாயா என்றும் யோசித்துப் பார். வியர்வையிலும் பொட்டாசியம் உண்டு.

மதுமதி


சுரங்கம், கெங்கவல்லி வட்டம்
25 நவம்பர் 2025

மதிப்புக்குரிய மேடம்,

கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், ஒரு வாரமாக மழை. சுரங்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் பம்பு ஓட்டி இறைத்தேன்.

ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இடைவெளி இல்லை. இருந்தாலும் கிழக்குப் பக்கம் இன்னொரு வரிசை அடுக்கினேன். எண்ணிக்கை நூற்று நாற்பத்தொன்று. மேற்குப் பக்கம் அடுக்கினேன். நூற்று முப்பத்தொன்பது. வெளியிலிருந்து வருவதாக இருந்தால் குறைந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ. படித்த எனக்கே அது புரிகிறது. அழுக்கு உள்ளே இருக்கிறது மேடம். படிகம் இருக்கும் செம்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம்.

கையுறை இல்லாமல் நான் எதையும் தொடவில்லை.

எனக்குச் சமைத்துப் போடும் அத்தாயி அக்கா நேற்றுக் கேட்டார். "ஊருல யுரேனியம் எடுக்குறீங்கன்றாங்க. அப்படி என்னாதான் தம்பி பாக்குற உள்ள?" எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "அக்கா, ரொம்பச் சின்னப் பொருளுங்க ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கும். கல்லு, மனுசன் எல்லாம் அப்படி இருக்க முடியாது. ஏன் முடியலன்னா, பூமி இழுக்குற அந்த இழுவிசைதான் ரெண்டையும் ஒண்ணாக்கிடுதுன்னு சில பேரு சொல்றாங்க. அது நெசமா இருந்தா, ஒண்ணாகிற அந்த நேரத்துல துளியூண்டு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் வருதான்னு இருட்டுல உக்காந்து பாக்குறோம்."

அவர் யோசித்துவிட்டு, "வந்துச்சா?" என்றார். "வேற வெளிச்சம் மறைக்குதுக்கா" என்றேன்.

தங்கள்
சிவபிரகாஷ்


கொண்டப்பநாயக்கன்பட்டி
3 டிசம்பர் 2025

சிவபிரகாஷ்,

திறக்கலாம், திறக்கலாம் என்று எழுதுவது சுலபம். திறந்தால் சுரங்கக் காற்று உள்ளே போகும். மறுபடி கழுவி, மூடி, குளிர்வித்து, நிலைக்குக் கொண்டுவர நாற்பது நாள். காரணம் தெரியாமல் அந்த நாற்பது நாளை நான் குழுவிடம் கேட்க முடியாது.

காத்தான் நேற்றுப் பென்டிரைவ் கொடுக்க வந்தவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "ஆயுத பூசைக்கு அங்க ஜோரா பண்ணிருந்தாப்லங்க அந்தத் தம்பி. எனக்குக்கூடப் பொரி கடலை கட்டிக் குடுத்துச்சுங்க."

அக்டோபர் ஒன்று. நாம் பெட்டியை மூடிய அதே நாள். திருநீறு என்பது சாண வறட்டியின் சாம்பல். சாம்பலில் பொட்டாசியம் உண்டு. எங்கள் தோட்டத்தில் வாழைக்குச் சாம்பல் போடுவதே அதற்காகத்தான். ஒரு சிட்டிகையில் நூறில் ஒரு பங்கு உள்ளே போனாலும் போதும், இந்த நூற்று நாற்பது வந்துவிடும்.

லாரிக்கு வை, தறிக்கு வை, போர்வெல் ரிக் வண்டிக்கு வை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தச் செம்புப் பெட்டியை அமிலத்தில் கழுவியதும், மூன்று முறை வடித்த தண்ணீரில் அலசியதும் உனக்குத் தெரியும். அதில் பொட்டு வைத்தாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

மதுமதி


சுரங்கம்
9 டிசம்பர் 2025

மேடம்,

பூஜை போட்டேன். வெளிக் கதவுக்கு, பம்புக்கு, நைட்ரஜன் குடுவைக்கு, கருவிப் பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். அதெல்லாம் வாசலில். உள்ளே கொண்டுபோகவில்லை. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றி, கையுறை போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தேன். செம்புப் பெட்டிக்கு வைக்கவில்லை. இல்லை.

பொரியை நீங்களும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். அப்போது பொட்டாசியம் ஞாபகம் வரவில்லை.

மடியில் கனமில்லை, எனக்கு வழியில் பயமில்லை. பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். 

சிவபிரகாஷ்


கொண்டப்பநாயக்கன்பட்டி
20 டிசம்பர் 2025

சிவபிரகாஷ்,

இதை எழுத ஐந்து நாளாகத் தள்ளிப்போட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதினைந்தாம் தேதிக்குள் காரணம் சொல்லுங்கள் என்று குழுவிலிருந்து கெடு வைத்தார்கள். "தள ஊழியர் செய்த பூஜையின்போது சாம்பல் உள்ளே புகுந்திருக்க வாய்ப்புண்டு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த அவர்களின் குறிப்பில் அந்த 'வாய்ப்பு' இல்லை. தள ஊழியரின் தவறு என்று முடித்துவிட்டார்கள். பதிவேட்டிலும் சிவப்பு மையில் ஏற்றச் சொல்லி உத்தரவு. நேற்று அலுவலகத்து ஆள் வந்து ஏற்றிவிட்டுப் போயிருப்பார், நீயே பார்த்திருப்பாய்.

உன்னை நம்பாமல் எழுதவில்லை. நம்பியும் எழுதவில்லை. வேறு காரணம் என் கையில் இல்லை, அவ்வளவுதான். இப்படிச் சொல்வது கேவலம் என்று எனக்கே தெரிகிறது.

ஒரு நன்மை நடந்திருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டதால் திறக்க அனுமதித்துவிட்டார்கள். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு அடுக்காகத் திற. ஒவ்வொரு பரப்பையும் வடித்த தண்ணீரில் நனைத்த புதுப் பஞ்சால் துடைத்து, தனிப் பையில் போட்டு எண் எழுது. இருபத்து நான்கு பரப்பு. பைகளைக் காத்தானிடம் கொடு. இங்கே மண் பரிசோதனைக் கூடத்தில் பொட்டாசியம் பார்த்துத் தருவார்கள். வயலுக்குப் பார்ப்பது பஞ்சுக்கும் பொருந்தும்.

மதுமதி


சுரங்கம்
13 ஜனவரி 2026

மேடம்,

என் ஒப்பந்தம் ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. அதை நீங்கள் எழுதவில்லை, ஆபீஸ் எழுதியது. இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இருபத்து நான்கு பஞ்சும் இத்துடன் வருகிறது. இருபத்து மூன்று பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது. பன்னிரண்டாவது மட்டும் லேசாகச் சாம்பல் நிறம். அது உள் மூடியின் உள்பக்கம். நான்கு விரல் பட்டது போல ஒரு தீற்றல் இருந்தது. துடைப்பதற்கு முன் படம் எடுத்து பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.

அந்த மூடியை நான் தொட்டதே இல்லை. "நீ தள்ளு, இத நானே வெக்கறேன்" என்று சொல்லி நீங்கள்தான் வைத்தீர்கள்.

அன்று உள்ளே வெக்கையாக இருந்தது. உங்கள் தலையுறை வழுக்கி மேலே ஏறியது. முடி முன்னால் விழுந்தது. இடது கையால் நெற்றியோடு சேர்த்து அதை உள்ளே தள்ளிவிட்டீர்கள். கையுறையை மாற்றவில்லை. அதே கையால் மூடியை அடியில் ஏந்திப் பிடித்து வைத்தீர்கள். நான் இரண்டடி தள்ளி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாய் வரை வந்தது. அதற்குள் நீங்கள் திருகாணிகளை முறுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் காலையில்தான் நான் கருவியைக் கீழே வைத்த விதம் சரியில்லை என்று இரண்டு முறை திட்டு வாங்கியிருந்தேன். மேடத்துக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். வெறும் வியர்வையாக இருக்கும் என்றும் நினைத்தேன். டிசம்பரில் நீங்கள் பொட்டு வைத்தாயா என்று கேட்டபோது எழுதியிருக்கலாம். திருடன் என்று பிடித்த பிறகு போலீஸ்காரரைக் கைகாட்டினால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அந்தத் தப்புக்கு வேலையிலிருந்து எடுத்தால் நியாயம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுப் பதினெட்டாம் தேதி வருவேன்.

சிவபிரகாஷ்


கொண்டப்பநாயக்கன்பட்டி
26 ஜனவரி 2026

சிவபிரகாஷ்,

பரிசோதனைக் கூடத்து ஜானகியம்மாள் தாளை நீட்டி, "பன்னெண்டாம் நம்பர் எந்தத் தோட்டமுங்க? சாம்பச் சத்து நல்லா இருக்குதுங்க" என்றார். என் தோட்டம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இருபத்து மூன்றிலும் ஒன்றுமில்லை.

செப்டம்பர் முப்பது சாயங்காலம் அம்மா திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தார். நான் சாமி கும்பிடுவதை விட்டு இருபது வருடம் ஆகிறது. காலையில் கிளம்பும்போது வாசலில் மறித்துக்கொண்டார். "இத்தன வருசமா பாடுபட்டிருக்கற. மலையில குடுத்த துண்ணூறு சாமி, இத மட்டும் வெச்சுக்கிட்டுப் போ." விரல் கொள்ளாத அளவு எடுத்து உச்சி வரைக்கும் பூசிவிட்டார். ஆத்தூர் தாண்டி முகம் கழுவினேன். முடியோரத்தைக் கழுவவில்லை போலிருக்கிறது. இரண்டு மாதமாக உன் கையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் தலை ஞாபகம் வரவே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது. குழு திருப்தியாக இருக்கிறது. தவறு செய்த ஊழியரை எடுத்தாயிற்று, பெட்டியைக் கழுவியாயிற்று, மார்ச் இருபதில் எண்ணிக்கை குறைந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் தருகிறோம் என்று தலைவரே தொலைபேசியில் சொன்னார். கைத்தவறு தலைமை ஆய்வாளருடையது என்று நான் இப்போது எழுதினால் அந்த இரண்டு வருடம் போய்விடும். இதே வெளிச்சத்தைத் தேடும் மற்ற கூடங்கள் போட்ட எல்லையைத் தாண்ட எனக்கு இருநூறு நாள் சுத்தமான அளவு வேண்டும். அது கிடைத்தால் ஈர்ப்பு விசை பற்றி நம் சுரங்கத்திலிருந்து ஒரு சொல் சொல்ல முடியும். ஆம் என்றோ இல்லை என்றோ.

மார்ச் இருபது வரை பொறுத்துக்கொள். மேட்டூரில் எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் உனக்கு வேலைக்குச் சொல்லியிருக்கிறேன், இங்கே வாங்குவதைவிட நல்ல வேலை. கூட்டம் முடிந்ததும் பதிவேட்டை நானே திருத்துகிறேன்.

கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மதுமதி


கெங்கவல்லி
4 பிப்ரவரி 2026

மேடம்,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பதாம் தேதி பெட்டியை மூடிவிட்டேன். மூடியைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொரு தொடலுக்கும் ஒரு கையுறை மாற்றினேன். அன்றைக்கு முப்பத்தெட்டு கையுறை ஆனது. புதிதாக வந்த கலைமணிக்கு நைட்ரஜன் ஊற்றக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் சொன்ன முதல் மூன்று நாள் எண்ணிக்கை நான்கு, மூன்று, மூன்று. உங்களுக்கு வேண்டியது வந்துவிட்டது.

மேட்டூர் வேலை வேண்டாம்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சாமி கும்பிட்டதற்காக வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் எனக்காகச் சண்டைக்குக் கிளம்புகிறது. இல்லை, எதையோ திருடியிருப்பான் என்கிறது இன்னொரு கூட்டம். என் அப்பா ஆண்டி, கரும்பு வெட்டப் போகிறவர், படிக்காதவர். அவர் ஒன்றுதான் கேட்டார். "நீ செஞ்சியா, செய்யலியா?" செய்யவில்லை என்றேன். "அப்ப எழுதி வாங்கியா" என்றார். நான் போய் யாரிடம் எழுதி வாங்குவது?

மார்ச் இருபதுக்குப் பிறகு திருத்துவேன் என்கிறீர்கள். இரண்டு வருடம் கிடைத்த பிறகு, இன்னும் இரண்டு வருடம் கிடைக்கட்டும் என்று தோன்றும். உங்களைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு, அப்புறம் சொல்லலாம் என்றுதான் தோன்றியது.

ஈயமாக இருந்தாலும் செம்பாக இருந்தாலும் ஒரு துளி அழுக்குக்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். பதிவேட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு வரிக்கு என்ன கணக்கு?

என்னிடம் படம் இருக்கிறது. யாருக்கும் அனுப்ப மாட்டேன். அந்த வரியை நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

சிவபிரகாஷ்


கொண்டப்பநாயக்கன்பட்டி
22 மார்ச் 2026

சிவபிரகாஷ்,

உன் கடிதத்துக்கு ஆறு வாரம் பதில் எழுதவில்லை. கோபம். உன் மேல் கொஞ்சம், மீதி எல்லாம் என் மேல்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி தடியூன்றிக்கொண்டு சுரங்கத்துக்குப் போனேன். முந்நூறு படி ஏற இரண்டு மணி நேரம் ஆனது. சிவப்பு வரியை அடித்து, கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் அப்பாவிடம் படித்துக் காட்டு. "உள் மூடியின் உள்பரப்பில் சாம்பல் படிந்தது தலைமை ஆய்வாளர் மதுமதியின் கையுறையால். தள ஊழியர் சிவபிரகாஷுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவரைக் காரணமாகக் காட்டி நான் அனுப்பிய அறிக்கை தவறு." அதையே மறுநாள் காணொளியில் குழுவின் முன்னாலும் வாசித்தேன்.

 பிறகு தலைவர், "முடிந்துபோன விஷயம், இதை எழுத்தில் கொண்டுவர வேண்டுமா?" என்றார். வேண்டும் என்றேன். சாயங்காலம் முடிவு சொன்னார்கள். படிகம் வடக்கே போகிறது. மார்ச் முடிவில் அளவை நிறுத்தி, பெட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டும். ஐம்பது நாள் சொச்சம் அளவு என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஏற்கெனவே மற்றவர்கள் சொன்னதற்குப் பின்னால் நின்று தலையாட்டலாம்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. எரிச்சலாக இருக்கிறது. ஒன்பது வருடத்தை ஒரு தீற்றல் தின்றுவிட்டது, மிச்சத்தை நான் எழுதிய ஒரு பொய்யறிக்கை தின்றது. முதல் நாளே உண்மையைத் தேடியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு முறை அடித்தேன். உனக்கு அது தேவைப்படாது என்று தோன்றியது. எனக்குத் தேவைப்படுகிறது. அதனால் அடிக்காமல் எழுதுகிறேன், என்னை மன்னித்துவிடு.

மதுமதி


சுரங்கம், கெங்கவல்லி வட்டம்
30 மார்ச் 2026

மேடம்,

நகலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படி என்றார். படித்தேன். மடித்து ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைத்துக்கொண்டார். 

பெட்டியைப் பிரிக்க ஆள் வேண்டும் என்று ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். படிகத்துக்கு அடி படாமல் பிரிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று கலைமணி சொல்லியிருக்கிறார். போனேன். லாரி ஏப்ரல் கடைசியில்தான் வரும் என்றார்கள். அப்படியானால் ஏப்ரல் முப்பது வரை அளவை நிறுத்தக் கூடாது, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் இழுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் தொண்ணூறு நாள் வரும். இருநூறு இல்லை. எனக்குத் தெரியும்.

நேற்றைய எண்ணிக்கை மூன்று. இன்று இரண்டு.

மன்னிப்பைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகும்போது சொல்கிறேன்.

பிரிக்கிற அன்று நீங்களும் வாருங்கள். உள் மூடியை நீங்களே எடுக்கலாம். நான் விளக்கைப் பிடிக்கிறேன். ஏதாவது தப்பாகப் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்வேன், நீங்கள் திட்டினாலும் சரி.

சிவபிரகாஷ்